ஓரமாப் போ

எங்கள் ஊர்க் குளக்கரையில் ஒரு காலை, ஆறரை மணி இருக்கும், சின்ன விபத்து ஒன்று நடந்தது. யாருக்கும் அடிபடவில்லை. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் தன் உயரத்துக்கு மிஞ்சிய லேடீஸ் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் ஒயர்க் கூடையோடு ஒரு வயதான அம்மா நடந்துகொண்டிருந்தார். சைக்கிளின் முன்சக்கரம் அவர் இடுப்பில் லேசாக உரசியது. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூடையிலிருந்த பால் பாக்கெட் வெடித்தது. தரையில் சைக்கிளுக்குப் பாதி, நடப்பவருக்குப் பாதி என்று பிரித்து வெள்ளைக்கோடு போட்டிருந்தார்கள். பால் அந்தக் கோட்டைத் தாண்டி இரண்டு பக்கமும் ஓடியது.

நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் கூடிவிட்டார்கள். "இது என்ன ரேஸ் ரோடா தம்பி? பெரியவங்க நடக்கற எடத்துல இப்படி ஓட்டலாமா?" என்றார் ஒருவர். "கோட்டைப் பாருங்க சார், அந்தம்மா சைக்கிள் பக்கம் வந்துட்டாங்க. பையன் மேல தப்பில்லை" என்றார் இன்னொருவர். பையன் அழுகிற நிலையில் இருந்தான். "பெல் அடிச்சனுங்க பாட்டி. ரெண்டு தடவை அடிச்சனுங்க. நீங்க நகரவே இல்லீங்க" என்றான்.

அந்த அம்மா சேலையில் பட்ட பாலைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். அவன் வாய் அசைவதைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்: "எனக்குக் காது கேக்காது சாமி."

அதன் பிறகு யாருக்கும் பேச்சு வரவில்லை. ஒருவர் இருபது ரூபாய்த் தாளை நீட்டினார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. பையனின் தலையைத் தடவிவிட்டு நடந்தார். பையன் சைக்கிளை உருட்டிக்கொண்டே கரையின் கடைசி வரை போனான்.

நான் அன்று ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது என்ன என்று தெரியாமல்தான் சும்மா நின்றேன். யார் பக்கம் தப்பு என்ற கேள்வியை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சுமந்துகொண்டு வந்தேன். வரும் வழியில் என் ஸ்கூட்டருக்கு முன்னால் பழைய சைக்கிளில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்து ஹாரன் அடித்தேன். அவர் திடுக்கிட்டு மண்ணில் இறங்கினார். அவரைக் கடந்து நூறு அடி போன பிறகுதான் என் கட்டைவிரல் என்ன செய்தது என்பது எனக்கு உறைத்தது.

*

கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துப் பௌதிகம்தான். ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் அதன் எடையைப் பொறுத்து ஏறுகிறது. வேகத்தைப் பொறுத்தோ அதன் இருமடியில் ஏறுகிறது. அறுபது கிலோ எடையுள்ள ஆள் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் அவரிடம் இருப்பது சுமார் 58 ஜூல். சைக்கிளும் ஆளுமாக எண்பது கிலோ, மணிக்கு 15 கிலோமீட்டர் என்றால் சுமார் 694 ஜூல். நடப்பவரைப் போலப் பன்னிரண்டு மடங்கு. 1,200 கிலோ எடையுள்ள சிறிய கார் மணிக்கு 50 கிலோமீட்டரில் வந்தால் சுமார் 1,15,700 ஜூல். சைக்கிளைப் போல நூற்று அறுபது மடங்குக்கும் மேல்.

சைக்கிள்காரர் நடப்பவருக்கு ஆபத்தானவர்தான். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. 2016இல் லண்டனில், முன்பக்க பிரேக் இல்லாத சைக்கிளில் வந்த இளைஞர் மோதி, தெருவைக் கடந்துகொண்டிருந்த பெண் ஒருவர் இறந்தார். அந்த இளைஞரைத் தண்டிக்க நீதிமன்றம் கையில் எடுத்தது 1861ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவு. குதிரை வண்டியை வெறித்தனமாக ஓட்டுகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது அது. சைக்கிளால் சாவு வரும் என்று அதற்குப் பிந்தைய சட்டங்கள் யோசித்திருக்கவில்லை. அவ்வளவு அரிதான நிகழ்வு, ஆனாலும் நடக்கக்கூடியது.

ஆனால் அந்த இரண்டு மடங்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு, நூற்று அறுபது. குளக்கரையில் நாங்கள் பன்னிரண்டைப் பற்றி வாய் ஓயாமல் பேசினோம். கரையை விட்டு இறங்கியதும் தொடங்குகிற நூற்று அறுபதைப் பற்றி யாரும் பேசவில்லை. அது மழை வெயில் மாதிரி எங்களுக்குப் பழகிவிட்டது. அந்தப் பையன் ஏன் குளக்கரையில் சைக்கிள் ஓட்டினான்? தெருவில் ஓட்டினால் அவன் அம்மா விடமாட்டாள். அந்த அம்மா ஏன் பால் வாங்கக் குளக்கரையைச் சுற்றிக்கொண்டு வந்தார்? மெயின் ரோட்டில் நடக்க அவருக்குப் பயம். இரண்டு பேரையும் அங்கே துரத்திவிட்டது ஒன்றேதான். துரத்தப்பட்டவர்கள் மோதிக்கொண்டார்கள், நாங்கள் சுற்றி நின்று தீர்ப்புச் சொன்னோம்.

*

தமிழ்க் குழந்தை ஒவ்வொன்றுக்கும் தெருவைப் பற்றி வீட்டில் சொல்லித்தரப்படும் முதல் பாடம் 'ஓரமாப் போ' என்பது. பள்ளிக்குக் கிளம்பும்போது சொல்வார்கள். கடைக்கு அனுப்பும்போது சொல்வார்கள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்களிடமும் வாசல்வரை வந்து சொல்வார்கள். அன்பில் சொல்வதுதான். என் அம்மா சொன்னதும் அன்பில்தான். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு ஒப்புதல் இருக்கிறது: நடு உன்னுடையது இல்லை, அதைக் கேட்கவும் கேட்காதே.

சரி, ஓரத்தையாவது தருகிறார்களா? இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த நெறிமுறைப்படி நடைபாதையில் தடையில்லாமல் நடக்கும் இடம் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். சக்கர நாற்காலிகள் இரண்டு எதிரெதிரே வந்தால் கடந்து போகும் அளவு அது. தரையிலிருந்து நடைபாதையின் விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. எங்கள் தெருவில் நடைபாதை என்று ஒன்று இருக்கிறது. அதன் மேல் ஈ.பி. பெட்டி இருக்கிறது, டிரான்ஸ்பார்மர் இருக்கிறது, நிறுத்திவைத்த பைக்குகள் இருக்கின்றன, யாரோ போன வருடம் நட்ட பிளெக்ஸ் கம்பம் இருக்கிறது. இளநீர்க்காரரும் இருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. தெருவோர வியாபாரிகளின் பிழைப்பைக் காக்க 2014இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அவருக்கென்று தனியே இடம் ஒதுக்க வேண்டியது நகராட்சியின் வேலை. ஒதுக்காததால் அவரும் ஓரத்துக்கே வந்தார். நடப்பவர், சைக்கிள்காரர், இளநீர்க்காரர் மூவரும் ஒரே முழத்துணியை இழுத்துப் போர்த்திக்கொள்ளப் பார்க்கிறோம்.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். நாளுக்குத் தொண்ணூறு பேர் என்று கணக்கு வரும். சைக்கிளில் போனவர்கள் 4,836 பேர். இவர்களில் பெரும்பாலோர் ஓரமாகப் போனவர்களாகத்தான் இருக்க வேண்டும். நம் ஊரில் சைக்கிளை நடுரோட்டில் ஓட்டுகிறவரை நீங்கள் எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

இந்த எண்களை ஆபரேஷன் தியேட்டர் வழியாகப் பார்த்த ஒருவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். கோயம்புத்தூரின் எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன். முறிந்து வருகிற எலும்புகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தவர், அவற்றை முறிக்கிற சாலைகளைச் சரிசெய்யச் சொல்லி 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். 2014இல் சாலைப் பாதுகாப்பைக் கண்காணிக்க நீதிமன்றம் ஒரு குழுவை அமைத்தது. அதே வழக்கில், 2025 மே மாதம், தடையில்லாத நடைபாதை கிடைப்பது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. வழக்குப் போட்ட ஆண்டில் பிறந்த குழந்தை அதற்குள் எங்கள் குளக்கரைப் பையனின் வயதை எட்டியிருக்கும்.

*

மிச்ச இடத்தைப் பலவீனர்களுக்குள் பங்குபோடச் சொன்னால் என்ன ஆகும் என்பதை ஜப்பான் ஒரு தலைமுறைக்கு மேல் அனுபவித்தது. 1970இல் அங்கே சாலைகளில் 16,765 பேர் இறந்தார்கள். பத்திரிகைகள் அதைப் போக்குவரத்துப் போர் என்றே எழுதின. சைக்கிள்காரர்களைக் கார்களிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்று அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி, குறிப்பிட்ட இடங்களில் சைக்கிள்கள் நடைபாதையில் ஏறிக்கொள்ளலாம் என்றார்கள். தற்காலிக ஏற்பாடு என்று தொடங்கியது பழக்கமாகிவிட்டது. முன்னும் பின்னும் குழந்தைகளை உட்காரவைத்த தாய்மார்களின் சைக்கிளும், கைத்தடி ஊன்றிய முதியவர்களும் ஒரே நடைபாதையில் போனார்கள். சாலையில் சைக்கிளுக்கு இடம் ஒதுக்க வேண்டிய தேவையே பொறியாளர்களுக்கு இல்லாமல் போயிற்று. பிறகு நடைபாதையில் முதியவர்கள் அடிபடுகிறார்கள் என்ற புகார் பெருகியது. சைக்கிள் ஒரு வாகனம், அது போக வேண்டிய இடம் சாலை என்று 2011இல் காவல் துறை தலைமை மறுபடியும் வலியுறுத்த வேண்டியிருந்தது. காரிடமிருந்து கிளம்பிய ஆபத்து ஒரு படி கீழே இறங்கி, நடைபாதையில் நின்றுகொண்டிருந்தது. காரின் இடத்திலிருந்து ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை.

எங்கள் குளக்கரையின் வெள்ளைக்கோடும் இந்த வகைதான். கரையில் கோடு போட முடிந்தவர்களால் மெயின் ரோட்டில் கோடு போட முடியவில்லை.

*

என் சிறுவயதில் இட்டேரி இருந்தது. கொங்கு நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் தோட்டங்களின் கிளுவை வேலி, நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்தில் மண்பாதை. வண்டி வந்தால் நடப்பவர் வேலியோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பாதையில் எழுதாத வழக்கம் ஒன்று இருந்தது. சும்மா வருகிறவர், சுமையோடு வருகிறவருக்கு வழி விட வேண்டும். தலையில் புல்லுக்கட்டோ தண்ணீர்க் குடமோ இருந்தால் எதிரே சைக்கிளில் வருகிறவர் காலை ஊன்றி நின்றுவிடுவார். வழியில் முன்னுரிமையைத் தீர்மானித்தது வேகம் இல்லை, பாரம். கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணின் நினைவில் பாதையோரம் சுமைதாங்கிக் கல் நட்டவர்களின் ஊர் இது. எதிர்த் திசையில் நடந்து வரும் முகமறியாத ஒருவரின் கழுத்துவலியை நினைத்து நட்ட கல்.

இதை இந்த இடத்தோடு நிறுத்திவிட்டால் அழகான கட்டுரையாக இருக்கும். ஆனால் பொய்க் கட்டுரை.

அந்த இட்டேரி ஊருக்குள் நுழைகிற இடத்தில் வேறொரு வழக்கம் இருந்தது. தலித்துகள் அங்கே சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆதிக்கச் சாதித் தெரு முடியும்வரை சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், அப்புறம்தான் ஏற வேண்டும். தமிழகத்தின் பல மாவட்டங்களில் இது அண்மைக்காலம்வரை பதிவாகியிருக்கிறது. எதிரே வருகிறவர் வெறுங்கையோடு வந்தாலும், தலையில் சுமையோடு ஒதுங்கி நின்றவர் யார் என்று எங்கள் தலைமுறையில் வளர்ந்த யாருக்கும் தெரியும். சுமைக்கு வழிவிட்ட அதே கால்கள், பிறப்பைப் பார்த்து வழியை மறிக்கவும் செய்தன.

நம் ஊரில் சாலை முதலில் போக்குவரத்துப் பிரச்சினையாக வரவில்லை. உரிமைப் பிரச்சினையாக வந்தது. 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் நடக்கத் தடையில்லை என்று சொன்னது. நடக்கலாம் என்று சொல்வதற்கே ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. அதே ஆண்டு வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியது. பெரியார் இரண்டு முறை சிறை சென்றார். மறு ஆண்டு போராட்டம் முடிந்தபோதும் கோயிலின் மூன்று பக்கத் தெருக்கள்தான் திறந்தன. கிழக்குப் பக்கம் மூடியே இருந்தது. அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவு எந்தெந்த இடங்களில் யாரையும் தடுக்கக் கூடாது என்று பட்டியல் போடும்போது கிணறு, குளம், நீராடும் துறை ஆகியவற்றோடு சாலையையும் சேர்த்துச் சொல்கிறது. குளக்கரைப் பாதையில் நடக்கும்போதெல்லாம் இந்த வரிசை எனக்கு நினைவுக்கு வரும்.

சைக்கிளுக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு உறுதுணையாக நின்றார். கல் குவாரியில் வேலை செய்த பெண்களும் விவசாயக் கூலிகளும் சைக்கிளில் ஏறினார்கள். கேலி பேசியவர்களுக்குக் குறைவில்லை. ஊர்க் கண்முன்னால் ஒரு பெண் சைக்கிளில் போவது தெருவின் மேல் உரிமை கொண்டாடுவது என்பது கேலி பேசியவர்களுக்குத்தான் முதலில் புரிந்திருந்தது. அப்புறம் 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் தரத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அது அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் எல்லோருக்குமாக விரிந்தது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான சைக்கிள்கள். பள்ளி விடும் நேரத்தில் எந்தச் சிற்றூர் நெடுஞ்சாலையிலும் பார்க்கலாம்: ஒரே நிறத்துச் சைக்கிள்கள் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே, மண்ணுக்கும் தாருக்கும் நடுவில் உடைந்த விளிம்பில், ஒன்றன்பின் ஒன்றாக. பக்கத்தில் லாரி போனால் ஹேண்டில்பார் ஆடும். சைக்கிளைக் கொடுத்தோம். அது ஓடுவதற்கு மூன்றடி இடம் கொடுக்க மறந்துவிட்டோம்.

*

மணிக்கும் ஹாரனுக்கும் உள்ள வித்தியாசம் ஓசையின் அளவில் மட்டும் இல்லை. சைக்கிள் மணியை அடிப்பவர் அடித்துவிட்டு, முன்னால் போகிறவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பார். நகர்ந்தால் போவார், நகராவிட்டால் காலை ஊன்றுவார். அவருக்கும் விழுந்து அடிபடும் பயம் உண்டு. அதனால் அவருடைய மணியில் ஒரு கேள்வி இருக்கிறது. ஹாரனில் கேள்வி இல்லை. அடித்ததும் அடித்தவரின் பொறுப்பு முடிந்துவிடுகிறது; மிச்சம் உன்பாடு. 'ஹாரன் அடிச்சேன்ல, காது கேக்கலையா?' என்று நம் தெருக்களில் திட்டுகிறவர்கள், உண்மையிலேயே காது கேட்காத ஒருவர் இருக்கக்கூடும் என்று எண்ணுவதே இல்லை.

'ஒதுங்கு' என்ற சொல்லை நம் தெருக்கள் வெகுகாலமாக அறியும். முன்பு அதைச் சாதி சொன்னது. இன்று அதை எந்திரம் சொல்கிறது. இரண்டையும் ஒன்றென்று சொல்லும் துணிவு எனக்கில்லை. முன்னது ஒரு மனிதனை மனிதனில்லை என்று சொன்னது. பின்னது அவனைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் யாருக்கு யார் ஒதுங்க வேண்டும் என்பதைத் தெரு ஏற்கெனவே முடிவுசெய்து வைத்திருக்கிறது, அதைக் கேள்வி கேட்கத் தேவையில்லை என்ற பழக்கம் நமக்குப் புதிதல்ல. அந்தப் பழக்கத்தில் ஊறிய உடம்போடுதான் நாம் ஸ்டியரிங்கைப் பிடித்தோம். கார் வாங்கியவர் கூடவே நடுரோட்டையும் வாங்கிவிட்டதாக நினைப்பதும், சைக்கிளில் போகிறவர் பதறி மண்ணில் இறங்குவதும் ஒரு நாளில் வந்த பழக்கங்களாக எனக்குத் தோன்றவில்லை.

இட்டேரியின் முதல் வழக்கத்தை, இரண்டாவது வழக்கத்தின் அழுக்கில்லாமல், சட்டமாக்க முடியுமா? சில ஊர்களில் முயன்றிருக்கிறார்கள். நெதர்லாந்து சைக்கிளின் சொர்க்கம் என்று நாம் படத்தில் பார்க்கிறோம். 1971இல் அங்கே சாலைகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள்; அதில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். மறு ஆண்டு, மகளை விபத்தில் பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவர் எழுதிய கட்டுரையின் தலைப்பான 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்பதே, அதையொட்டி எழுந்த இயக்கத்துக்கும் பெயராயிற்று. பெற்றோர்கள் தெருவை மறித்து உட்கார்ந்தார்கள். இன்று அந்த நாட்டுச் சட்டத்தில், கார் மோதி பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அடிபட்டால், அது நடந்து வந்தாலும் சைக்கிளில் வந்தாலும், மிக அரிதான விதிவிலக்கு தவிர முழு இழப்பீடும் கார் பக்கத்தின் பொறுப்பு. பெரியவர்கள் என்றால் அவர்கள் பக்கம் தவறு இருந்தாலும் பொதுவாகப் பாதியாவது கார் பக்கம் ஏற்க வேண்டும். குழந்தை தவறு செய்யும் என்பதை அந்தச் சட்டம் ஒரு வாதமாகவே ஏற்பதில்லை. தவறு செய்கிற குழந்தைகளும் இருக்கும் தெருவில்தான் கார் ஓட்ட வேண்டும்.

பிரிட்டன் 2022 ஜனவரியில் தன் சாலை நெறிகளின் தொடக்கத்தில் ஒரு படிவரிசையைச் சேர்த்தது. யாரால் அதிகக் கேடு விளையக்கூடுமோ அவர்களுக்கே அதிகப் பொறுப்பு. லாரி ஓட்டுகிறவர் கார்காரரையும், கார்காரர் சைக்கிள்காரரையும், சைக்கிள்காரர் நடப்பவரையும் கவனிக்க வேண்டும். எங்கள் குளக்கரை வழக்குக்கு இதில் நேரடியான பதில் இருக்கிறது: கோட்டைத் தாண்டி வந்தது அந்த அம்மாதான் என்றாலும், பையன்தான் நின்றிருக்க வேண்டும். ஆனால் அவனிடம் இதைச் சொல்லும் தகுதி, அவனைக் கண்டதும் தன் வேகத்தைக் குறைக்கிற கார்காரருக்குத்தான் உண்டு. ஹாரன் அடித்த எனக்கு அன்று அது இல்லை.

அதே பிரிட்டனில் 1980இல் வந்த தீர்ப்பு ஒன்று எனக்குப் பிடிக்கும். பாதசாரிகள் கடக்கும் இடத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போன பெண்ணைக் கார் மோதியது. அவர் பாதசாரியா, வாகனம் வைத்திருப்பவரா என்று வழக்கு. இரண்டு காலும் தரையில் ஊன்றி நடக்கும்போது அவர் பாதசாரிதான், கையில் சைக்கிள் இருப்பதால் அது மாறிவிடாது என்று நீதிமன்றம் சொன்னது. சீட்டிலிருந்து இறங்கிய அந்தக் கணத்தில் ஒருவர் வேறொரு வகுப்புக்கு மாறிவிடுகிறார். நம் ஊரில் இறங்கச் சொல்லி அவமதித்தார்கள். தானாக இறங்குவதற்கு வேறு பொருள் உண்டு. ஆனால் ஏறிப் போகும் உரிமை எல்லோருக்கும் உறுதியான பிறகுதான் அந்தப் பொருள் வரும்.

*

ஒரு வாரம் கழித்து அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். அன்று பால் கொட்டிய இடம் எது என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, எறும்புப் புற்று மாதிரி ஒரு கறை இன்னும் இருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம், நடப்பவர்களுக்கான பாதியில், வேப்பமரத்தின் வேர் தரைக்கற்களைத் தூக்கிவிட்டிருந்தது. நான்கைந்து கற்கள் பெயர்ந்து சாய்ந்து நின்றன. கோடு போட்டவர்கள் அதைப் பார்க்காமல் நேராகப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். வருகிறவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் லேசாக வளைந்து, கோட்டைத் தாண்டி, நாலடி சைக்கிள் பக்கம் நடந்து, திரும்பவும் இந்தப் பக்கம் வந்தார்கள். அன்று பையனைத் திட்டிய மனிதரும் வளைந்தார். அந்த அம்மாவைக் குற்றம் சொன்னவரும் வளைந்தார். நானும் தினமும் அங்கே வளைந்துதான் போயிருக்கிறேன். என் கால்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஏன் அந்தப் பக்கம் போனீர்கள் என்று அன்று அவரிடம் ஒருவராவது கேட்டிருக்கலாம்.

அவர் வந்தார். அதே ஒயர்க் கூடை. வேருக்கு முன்னால் ஒரு கணம் நின்று, கீழே பார்த்து, மெல்லக் கோட்டைத் தாண்டினார். அவருக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, பையன் வந்துகொண்டிருந்தான். அவனுடைய அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிளாக இருக்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்தால் அவன் கால் தரைக்கு எட்டாது. விரல் மணியின் மேல் இருந்தது. அடிக்கவில்லை. பிரேக்கைப் பிடித்து, சீட்டிலிருந்து சறுக்கி முன்னால் இறங்கி, சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு நின்றான்.

அந்த அம்மா பெயர்ந்த கற்களைச் சுற்றிக்கொண்டு தன் பாதிக்கு வந்து சேர்ந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் ஒருவன் நிற்கிறான் என்பது அவருக்குத் தெரியாது.